பளு குறைந்தது

"எட்டு வாரத்துல நம்ம பொண்ணுக்கு நிச்சயம். தொப்பையைக் குறைச்சு உங்க பழைய கோட்டுக்குள்ள நீங்க நுழையணும்," என்றாள் ரவ்ஷான் கணவரிடம்.

சகிந்திக் பொறுமையாக விளக்கினார். "வெறும் ஓட்டம்னா கொழுப்போட தசையும் கரைஞ்சிடும். அதனால வீட்டுலயே பளுவும் தூக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் கணக்கு சரியா வரும்."

தினமும் காலையில் தலாஸ் ஆற்றங்கரையில் ஐந்து கிலோமீட்டர் ஓடினார். திரும்பியதும் முற்றத்தில் பளுவைத் தோளில் சுமந்து முப்பது முறை உட்கார்ந்து எழுந்தார்.

நாலாவது வாரமே, "பளு இறகு மாதிரி இருக்கு. எனக்குப் பலம் ஏறுது," என்றார்.

"தொப்பை இறங்கலையே."

"முதல்ல தசை. அப்புறம்தான் தொப்பை."

நிச்சயத்தன்று சம்பந்தி வந்து அமர்ந்தார். அந்த ஊர் வழக்கப்படி, கொழுத்த வால் கொண்ட ஆட்டின் வால்கொழுப்பையும் ஈரலையும் அவருக்கு ஊட்டினால்தான் சம்பந்தம் உறுதியாகும். அதற்கென்றே வளர்த்த ஆட்டைப் பிடித்துவரப் போன ரவ்ஷான் முகம் வெளுத்துத் திரும்பினாள்.

"வால்ல கொழுப்பே இல்லைங்க. எலும்பும் தோலுமா நிக்குது. ஆட்டை என்ன பண்ணீங்க?"

சகிந்திக் தலையைச் சொறிந்தார். "வீட்டுல தூக்குறதுக்கு வேற என்ன இருந்துச்சு? தனியா ஓட அலுப்பா இருந்துச்சேன்னு, ஓட்டத்துக்கும் அதையே கூட்டிட்டுப் போனேன்."

சம்பந்தி சகிந்திக்கை மேலும் கீழும் பார்த்தார்.

"ஈரலை மட்டும் கொண்டு வாங்க," என்றார். "கொழுப்புக்கு உங்க தொப்பையைத் தொட்டுக்கறேன்."