கருங்காலி வண்டி

"கருங்காலி வண்டிக்கு இங்கே ஜாக்கி கிடையாது. தள்ளிக்கிட்டுப் போ!"

பட்டறை வாசலில் நின்ற பழைய காரைப் பார்த்ததுமே மேஸ்திரிக்கு ரத்தம் கொதித்தது. மில் முதலாளியின் கார். நான்கு வருஷத்துக்கு முன் மேஸ்திரி உட்பட ஐந்நூறு பேர் வேலைநிறுத்தம் செய்து வெயிலில் கிடந்தபோது, இந்தக் காரை ஓட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்த ஒரே தொழிலாளி இந்த டிரைவர்தான். மில்லை மூடிய பிறகு முதலாளி காரை இவன் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இப்போது கல்யாண வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறான்.

"நாளைக்கு வாடகை இருக்கு மேஸ்திரி. பின்னாடி ஒரே ஊளைச் சத்தம். வண்டி நின்னா என் அடுப்பும் நிக்கும்."

"நிக்கட்டுமே! எங்க அடுப்பு நின்னப்போ நீ முதலாளிக்குக் கதவு திறந்து விட்டுக்கிட்டு இருந்தியே!"

வெல்டர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தான். "நல்லாக் கேளுங்க அண்ணே."

டிரைவர் தலை குனியவில்லை. "ஆமா, ஓட்டினேன். இல்லைன்னு எங்கேயாவது சொன்னேனா? உங்க காலைப் பிடிக்க வரலை. இந்த மாடலுக்கு உங்களை விட்டா ஆள் இல்லை. வேலையைச் செய்யுங்க, கூலியை வாங்குங்க."

"திமிரைப் பாருடா!"

"எண்ணெயை மட்டும் மாத்திக் குடுங்க, போதும். பின்னாடி டிஃபரன்ஷியல் பெட்டியைத் திறக்க வேணாம்."

மேஸ்திரி நிமிர்ந்தார். "ஏன் திறக்க வேணாம்?"

"வேணாம்னா விடுங்களேன்."

"ஓகோ! மடியில கனம், அதான் வழியில பயம். ஏய் வெல்டர், எடுடா ஜாக்கியை. நல்ல வண்டியை இவன் எப்படிக் குட்டிச்சுவராக்கியிருக்கான்னு நாலு பேர் பாக்கட்டும்!"

காரின் பின்பக்கத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்தார்கள். மேஸ்திரி ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினார். மறு சக்கரம் எதிர்த்திசையில் சத்தமில்லாமல் சுற்றியது. அது சரி. பிறகு அடியில் படுத்து, என்ஜினிலிருந்து பின் அச்சுக்கு வரும் நடுத்தண்டைப் பிடித்துச் சுற்றினார். நாலு சுற்றுக்கு ஒரு தரம், உள்ளே 'டக்' என்றது.

"பெரிய பல்சக்கரம் போச்சு."

எண்ணெயை வடித்து விரலில் தேய்த்தார். வெள்ளிப் பொடி மினுங்கியது. "பல்லைத் தின்னுருக்கான் பாவி!"

மூடியைக் கழற்றினார். இரண்டு பல்லில் முனை உடைந்திருந்தது. கந்தலால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார்.

பல்சக்கரத்தின் ஓரத்தில் மூன்று புள்ளிகள்.

தொழிலாளர் சங்கத்தின் ஒலிபெருக்கி வண்டியும் இதே மாடல்தான். சங்கத்துச் சொத்தை எவனும் மாற்றிவிடக் கூடாதென்று, அந்த வண்டியைப் பிரிக்கும்போதெல்லாம் சாமானில் மூன்று புள்ளி அடித்து வைப்பது மேஸ்திரியின் பழக்கம். இது அவர் கையால் அடித்த புள்ளி. அந்த உடைந்த பல் இரண்டும் அவர் ஏற்கெனவே கண்ணால் பார்த்தவை.

டிரைவர் அருகில் வந்து குந்தினார்.

"இது எப்படிய்யா உன் வண்டியில?" மேஸ்திரியின் குரல் இறங்கியிருந்தது.

"இதுல இருந்தது உங்க வண்டியில இருக்கே. அதனாலதான்."

வேலைநிறுத்தத்தின்போது, பெரிய ஊர்வலத்துக்கு முதல் நாள், பாரம் தாங்காமல் இந்தப் பல் இரண்டும் உடைந்து சங்கத்து வண்டி படுத்துவிட்டது. எங்கும் கிடைக்காத சாமான். பழைய இரும்புக் கடையெல்லாம் அலைந்து வெறுங்கையோடு மேஸ்திரி திரும்பினால், வண்டி ஓடத் தயாராக நிற்கிறது! யார் மாட்டியது என்று அவர் கேட்பதற்குள், "மேஸ்திரி வாழ்க!" என்று கழுத்தில் மாலை விழுந்தது. குனிந்து வாங்கிக்கொண்டார். அதன் பிறகு கேட்கவே இல்லை.

"வீட்டுல பொண்டாட்டி படுத்த படுக்கை. என்னால வேலைக்குப் போகாம இருக்க முடியலை," என்றார் டிரைவர். "அதுக்காக உங்க ஊர்வலமும் நிக்கணுமா? யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சங்கச் செயலாளர்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டு நானே மாத்தி மாட்டினேன். டிரைவருக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாதா என்ன?"

"இந்தப் பல்லை வெச்சுக்கிட்டா நாலு வருஷம் ஓட்டினே?"

"முப்பதைத் தாண்ட மாட்டேன். தூங்குமூஞ்சின்னு முதலாளி திட்டுவார். திட்டிட்டுப் போறார்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா!"

"அப்போ சொன்னா என் வேலை போயிருக்கும். அப்புறம் சொல்லலாம்னு பாத்தா, மாலை உங்க கழுத்துல கிடந்துச்சு."

வெளியே வெல்டருக்குப் பொறுக்கவில்லை. "என்னண்ணே, கருங்காலி என்னதான் பண்ணி வெச்சிருக்கான்?"

மேஸ்திரி காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

"கொட்டகையில கிடக்கிற சங்கத்து வண்டியைத் தூக்கி முட்டுக் குடு. அதுல இருக்கிற சாமானைக் கழட்டி இவருக்குத் திருப்பித் தரணும்."

"இவருக்கா? எந்தச் சாமான்?"

"நான் மாட்டினேன்னு எனக்கு மாலை போட்டீங்களே, அந்தச் சாமான்."