நாளைக்குப் பாராட்டு விழா

டாக்டர், இன்ஸ்பெக்டரின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பூச்சிமருந்து டேங்கர் கவிழ்ந்தப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"காத்து எங்க முதுகுல அடிக்கிற பக்கமாத்தான் டாக்டர். கிட்டவே போகல. தெருவையே காலி பண்ணிட்டோம், ஒரு உயிர்கூடப் போகல. நாளைக்குப் பாராட்டு விழாகூட வச்சிருக்காங்க."

"அப்போ மருந்து எப்படிப் பட்டுச்சு?"

"தீயணைப்புக்காரங்க டிரைவரைத் தூக்கிட்டு வந்தாங்க. ஆள் தொப்பலா நனைஞ்சிருந்தார். ஆம்புலன்ஸ்ல ஏத்த நானும் ஒரு கை கொடுத்தேன்."

"உடனே குளிச்சீங்களா?"

"அங்கேயே தண்ணியைப் பீய்ச்சிக் குளிப்பாட்டிட்டாங்க. மாத்துத் துணி கொடுத்து, யூனிஃபார்மைக் கழட்டிப் பையில கட்டச் சொன்னாங்க. கட்டினேன்."

"நல்ல வேளை, உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று டார்ச்சை அணைத்தார் டாக்டர். "ஆனா அந்தப் பையை அங்கேயே ஒப்படைச்சிருக்கணுமே?"

இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"புதுசா தைச்சது டாக்டர். விழாவுக்குப் போட்டுக்கலாம்னு வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன்."

டாக்டர் பக்கத்துப் படுக்கையின் திரையை விலக்கினார். மூக்கிலும் வாயிலும் குழாய்களோடு, கண் மூடிக் கிடந்தாள் இன்ஸ்பெக்டரின் மனைவி.

"கையாலயா துவைச்சாங்க?"

"மெஷின்ல போட்டா கசங்கிடும்னு கையாலதான்." அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நடுவுல, 'ஏங்க, கண்ணெல்லாம் எரியுதே'ன்னு கூப்பிட்டா. நான் எழுந்துகூடப் பார்க்கல டாக்டர். சோப்பா இருக்கும், நல்லா தேய்ச்சு அலசுன்னு சொன்னேன்."