சொன்னதும் விலகிய கை

பூங்கோதையால் எட்டு மாதமாகக் கழுத்தை இடப்பக்கம் திருப்ப முடியவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகவே இருந்தது. பிசியோதெரபிஸ்ட் ஸ்டெல்லா அவளைக் கட்டிலில் படுக்கவைத்துத் திரையை இழுத்துவிட்டாள். "தசையைச் சுத்தியிருக்கிற சவ்வு இறுகிக் கிடக்குதுக்கா. அமுக்க மாட்டேன். மெதுவா பிடிச்சுக்கிட்டே இருப்பேன், அதுவா இளகும்." விரல்கள் தொண்டையோரம் பட்டதும் பூங்கோதைக்கு மூச்சு நின்றது, கால்கள் விறைத்தன. "எடுங்க," என்றாள். கை உடனே விலகியது. நம்ப முடியாமல் கண்ணைத் திறந்தாள். ஸ்டெல்லா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக் காத்திருந்தாள். "நீங்க சொன்னாதான் திரும்ப வைப்பேன்." பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டு, "வைங்க," என்றாள். மறுபடியும், "எடுங்க." இந்த முறை பயத்தால் அல்ல, சொன்னால் எடுப்பாளா என்று பார்ப்பதற்காக. எடுத்தாள். மூன்றாம் முறை வைத்தபோது உள்ளே ஏதோ மெல்ல இளக, தலை ஒரு விரற்கடை அளவு திரும்பியது. பூங்கோதைக்குக் கண்ணீர் வழிந்து காதை நனைத்தது. "கழுத்துல என்னக்கா ஆச்சு?" ஸ்டெல்லா தணிந்த குரலில்தான் கேட்டாள். பதில் திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்த கணவனிடமிருந்து வந்தது. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா மேடம். ஃபார்ம்ல எழுதிக் குடுத்திருக்கேனே." திரைக்கு அடியில் அவனுடைய செருப்புகள் தெரிந்தன. பூங்கோதை அவற்றையே பார்த்தாள். "விழல," என்றாள். தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை. வெளியே நாற்காலி கிரீச்சிட்டது. ஸ்டெல்லா எழுந்து, கட்டிலுக்கும் திரைக்கும் நடுவில் போய் நின்றாள்.