எஞ்சின் பக்கத்து இருக்கை

இனி வருவதில் ஒரு சொல் பொய்யென்றால், பாதி மீசையை மழித்துக்கொண்டு கடைத்தெருவில் நடக்கிறேன்.

அன்று காலை அப்படியொரு குளிர். ஓட்டுநர் ஒரு கொட்டாவி விட்டார். வாயிலிருந்து வந்த ஆவி கலைய வழியில்லாமல் அடுத்த நிறுத்தம்வரை கூடவே வந்தது.

கடிகாரம் பழுது பார்ப்பவர் ஓட்டுநருக்குப் பக்கத்திலிருந்த ஒற்றை இருக்கையைப் பிடித்திருந்தார். எஞ்சின் பெட்டியின் மேல் இரண்டு உள்ளங்கைகளும் பதிந்திருந்தன.

பேருந்திலேயே சூடான இடம் அதுதான். போன வாரம் அவர் அங்கே வைத்த ரொட்டி இரண்டு பக்கமும் சிவந்துபோனது. ஈரக் காலுறை மூன்றே நிறுத்தத்தில் மொறமொறத்தது.

சூடு மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையில் சற்று இளைப்பாறி, நெஞ்சுக்குள் இறங்கியது. அவருக்குக் கண் சொக்கியது.

சுகம் ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம். பத்து மணிக்கு ஓர் அம்மாள் தன் கைக்கடிகாரத்துக்கு வருவார். அதற்குப் போடவேண்டிய திருகாணி எள்ளைவிடச் சிறிது. விரல் விறைத்திருந்தால் எகிறிப் போய்விடும். போனால் வேறு கிடையாது.

நாலாவது நிறுத்தத்தில் சம்பந்தி ஏறினார்.

கடிகாரக்காரர் அவரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார்.

பெண்ணைக் கொடுத்த இடம். சம்பந்தி நிற்க, தான் உட்கார்ந்திருந்தால் மத்தியானத்துக்குள் மகள் காதில் அது நாலு விதமாக விழும். எழுந்தால் திருகாணி போச்சு.

கண்ணை மூடிக்கொண்டார்.

சம்பந்தி இருமினார். கடிகாரக்காரர் குறட்டை விட்டார். இருமல் காதோரம் வந்தது. குறட்டை ஒரு கட்டை ஏறியது.

"தூங்குற மனுஷன் பெட்டிய இப்படியா கட்டிப் பிடிப்பாரு? நகருங்க சம்பந்தி, சூட்டையெல்லாம் ஒத்த ஆளா குடிக்காதீங்க."

"அடடே, நீங்களா! வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் சூடு பண்ணி வச்சேன்."

ஆனால் எழவில்லை. பாதி இருக்கை நகர்ந்தார்.

இரண்டு பேருமே நல்ல சாப்பாட்டுக்காரர்கள். இடுப்போடு இடுப்பு இறுகியது. பெட்டி மேல் நாலு கைகள். ஓட்டுநர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாலு கைகளையும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ஒவ்வொரு வளைவிலும் சம்பந்தி ஒரு விரற்கடை முன்னேறினார். கீழே விழாமலிருக்க கடிகாரக்காரர் அவர் தோளை வளைத்துக்கொண்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இருவர் முகத்திலும் சம்பந்திச் சிரிப்பு மட்டும் அசையாமல் இருந்தது.

எட்டாவது நிறுத்தத்தில் சம்பந்தி மஃப்ளரைக் கழற்றினார். பத்தாவதில் கடிகாரக்காரர் ஸ்வெட்டர் பொத்தானை அவிழ்த்தார். இருவருக்கும் நெற்றி வியர்த்திருந்தது.

கடையில் திருகாணி முதல் தடவையிலேயே உட்கார்ந்தது.

இத்தனைக்கும், அந்தக் குளிருக்கு முந்தைய மழைக்காலத்திலேயே அந்தத் தடத்துக்குப் புது வண்டி விட்டுவிட்டார்கள். அதற்கு எஞ்சின் பின்னால். நாலு கைகளும் பதிந்திருந்த முன்பக்கப் பெட்டிக்குள் ஓட்டுநர் தன் குடையைத்தான் வைத்திருந்தார்.