பானெட்டில் ஒரு ஓட்டை

வேகம் பத்தவில்லை என்று சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின் ஓயாமல் உறுமியது. வேகத்தைக் கூட்ட, கடையில் இருந்ததிலேயே பெரிய சூப்பர்சார்ஜரை வாங்கி இன்ஜின் மேல் மாட்டினார்கள். பிறகு பானெட் மூடவில்லை. மெக்கானிக் அதில் ஓட்டை போட்டார். சூப்பர்சார்ஜரின் தலை வெளியே எட்டிப் பார்த்தது.

சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கியதும் கார் பாய்ந்தது.

“அண்ணே, கடல்!” என்று கத்தியது சூப்பர்சார்ஜர்.

“கடலா? பன்னிரண்டு வருஷமா இந்த வழியாத்தானே ஓடுறேன்!” என்றது இன்ஜின்.

“மூடிக்குள்ளயே இருந்தா எப்படித் தெரியும்? அங்க பாருங்க, ஒரு பொண்ணு பட்டம் விடுது!”

கார்க்காரர் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தார். இன்ஜின் வேகத்தைக் குறைத்தது.

“அவர் கிடக்கிறார். பட்டம் என்ன கலர்? அதைச் சொல்லு.”