ஒரே ஒரு தலையாட்டல்

"தூக்கக் கலக்கமா, கிறுகிறுப்பா, இல்ல பழைய மப்பா? ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைடா!"

சூப்பர்வைசர் போட்ட சத்தத்தில் மேனேஜர் அறையே அதிர்ந்தது. எதிரே நின்ற கிரேன்காரன் தலை நிமிரவில்லை.

"எதுவும் இல்லண்ணே. நல்லா முழிச்சுத்தான் இருந்தேன். நீங்க தலையாட்டுனீங்க, நான் இறக்கினேன்."

"நான் ஆட்டவே இல்லை!"

இரும்புக் கிடங்கின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. கிரேனில் தொங்கும் சுமையை இறக்க, கீழே இருக்கும் ஒருவர் கைகாட்ட வேண்டும். நம் சூப்பர்வைசருக்கோ கைகாட்டுவது கௌரவக் குறைச்சல். நாற்காலியில் சாய்ந்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, கையைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை தலையாட்டுவார். அதுதான் உத்தரவு. முந்தாநாள் மதியம் அப்படி இறங்கிய கம்பிக் கட்டு, கீழே நின்றவன் காலை நசுக்கிவிட்டது. அவன் வேறு யாருமில்லை, சூப்பர்வைசருடைய தங்கையின் புருஷன். அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் இவரேதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்த தங்கை, அறை மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் திரும்பவே அவருக்குக் கூசியது. 'உன்னை நம்பித்தானே அனுப்பினேன்' என்று நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த அவமானமெல்லாம் கோபமாகிக் கிரேன்காரன் மேல் பாய்ந்தது.

சூப்பர்வைசர் அடுக்கடுக்காகத் தும்மினார்.

"சளி இன்னும் விடலையா?" என்றார் மேனேஜர்.

"ஒரு வாரமா உயிரை வாங்குது சார்." சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, டீயோடு விழுங்கினார்.

மேனேஜர் கிரேன்காரனிடம் திரும்பினார். "எத்தனை தடவை ஆட்டினார்?"

"மூணு தடவை சார்."

"பொய் எப்படிப் பல்லை இளிக்குது பாருங்க! நான் என்னைக்காவது மூணு தடவை ஆட்டியிருக்கேனா? ஆடுனது இவன் தலை சார். அதான் என் தலை ஆடுன மாதிரி தெரிஞ்சிருக்கு."

கிரேன்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பொண்ணு பொறந்த அன்னைக்கே குடியை விட்டேண்ணே. இப்ப அவ பள்ளிக்கூடம் போறா. குடிச்சிட்டு ஒருத்தர் காலை உடைச்சேன்னு வேலை போச்சுன்னா, அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

"நாய் வாலை நிமிர்த்த முடியுமா?"

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்கு உறுத்தியது. ஆனால் தங்கை பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்வாங்க மனம் வரவில்லை.

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இதுவரை ஆளாளுக்குச் சொன்னதை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். மனிதர் வாசித்தால் கொதிக்கிற பால்கூட ஆறிவிடும். ஜன்னல் வெயில் வேறு சூப்பர்வைசரின் முகத்தில் அடித்தது. கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். கையைக் கட்டிக்கொண்டு வழக்கம்போல் சாய்ந்தார்.

"சூப்பர்வைசர்! உங்களைத்தான்!"

"ம்? சொல்லுங்க சார். கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். "இவரை வேலையை விட்டு நிறுத்திடலாமான்னு கேட்டேன். தலையாட்டுனீங்க."

"ஆமா சார். நிறுத்திடுங்க."

"எனக்கு என்னவோ சந்தேகம். அப்ப உங்களையும் நிறுத்திடலாமான்னு கேட்டேன். அதுக்கும் ஆட்டுனீங்க."

சூப்பர்வைசர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கிரேன்காரன் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவே அவரைக் கூனிக் குறுக வைத்தது. மூலையில் தங்கை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மூணாவதா உங்க தங்கச்சி ஒண்ணு கேட்டாங்க. 'முந்தாநாளும் இப்படித்தான் தூங்கிக்கிட்டு இருந்தியா அண்ணே?'ன்னு. அதுக்கும் ஆட்டுனீங்க."