பதினோராவது ஜோடி

டாக்டர் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

வெள்ளைப் பரப்பில் நாற்பத்தாறு சின்னக் கோடுகள், ஜோடிக்கு ஒரு எண்ணோடு இரண்டிரண்டாக நின்றன. எல்லாவற்றிலும் கறுப்பும் சாம்பலுமாகப் பட்டைகள். ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஓரிடத்தில் இடுப்பு இறுகியிருந்தது.

"இதெல்லாம் உங்க வீட்டுக்காரரோட குரோமோசோம். இடுப்பு மாதிரி இருக்கு பாருங்க, அதுக்கு மேல இருக்கிறது குட்டைக் கை. கீழ நீளக் கை."

அவள் முன்னால் குனிந்து பார்த்தாள். செருப்புக் கடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்த கண். பெட்டியைத் திறந்த மாத்திரத்தில் ஜோடி மாறியிருந்தால் சொல்லிவிடும்.

"பதினோராவது ஜோடியில ஒண்ணு மட்டும் நீளமா இருக்கே டாக்டர்?"

டாக்டர் கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து யாரும் அதைத் தானாகக் கண்டுபிடித்ததில்லை போலிருக்கிறது.

பிறகு இருபத்திரண்டாவது ஜோடியைக் காட்டினார். அங்கே ஒன்று கட்டையாக நின்றது.

பதினொன்றின் நீளக் கையில் நுனி ஒடிந்து இருபத்திரண்டில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். இருபத்திரண்டின் கை இங்கே வந்து ஒட்டியிருக்கிறதாம். ஒரு துளிகூடத் தொலையவில்லை. இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். அதனால் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

பிள்ளைக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும்போதுதான் தகராறு. ஜோடிக்கு ஒன்று என்று போக வேண்டும். பொருந்தாத இரண்டு சேர்ந்து போய்விட்டால் கரு தங்காது.

மூன்று தடவை தங்கவில்லை.

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். லிஃப்ட் மெக்கானிக். பதினாலாவது மாடியில் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடுகிறவன். இப்போது பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"நான்தானா?" என்றான்.

நாலு வருடமாக அவள் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி. அவன் வாயிலிருந்து வந்தபோது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாத் தடவையும் இப்படித்தான் ஆகணும்னு இல்ல," என்றார் டாக்டர். "இவரோட அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டேர்ந்துதான் இது பெரும்பாலும் வந்திருக்கும்."

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

மாமியார். கதவோரம் உட்கார்ந்திருந்தவர். வேண்டாம் என்று மகன் சொல்லியும் கேட்காமல் கிளம்பி வந்தவர்.

அந்த மூன்று தடவையும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் காலடியில் உட்கார்ந்தார். துணி மாற்றினார், துவைத்துக் காயப்போட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. குத்தலாகவும் ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாலு திட்டு திட்டியிருந்தால்கூட அழுது தீர்த்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதுண்டு. அத்தை மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார், வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று முடிவுகட்டியிருந்தாள்.

மாமியார் மேஜையருகே வந்து திரையில் முகத்தை வைத்துப் பார்த்தார். அந்த நீளமான ஒன்றை வெகுநேரம் பார்த்தார். பிறகு வளையலை மேலே தள்ளிவிட்டு, இடது கையை டாக்டரின் முன்னால் நீட்டினார்.

"என் ரத்தத்தையும் எடுத்துப் பாருங்க டாக்டரம்மா. இவனுக்கு முன்னாடி எனக்கு நாலு போச்சு."



முப்பத்தாறு வயது மகன் வாயைப் பிளந்து அம்மாவைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தார்.

"என் ராசிதான் உனக்கும் வந்து ஒட்டிக்கிச்சோன்னு எனக்குப் பயம். ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் வருவேன். வாயைத் திறந்தா நான்தான் முதல்ல அழுவேன். உனக்கு எப்படித் தைரியம் சொல்றது?"



அவள் பக்கத்தில் இருந்த கணவனைப் பார்த்தாள். நாலு போன பிறகு ஐந்தாவதாக வந்து சேர்ந்தவன். எண்பத்திரண்டு கிலோ. குறட்டை விட்டால் அடுத்த வீடு எழுந்துகொள்ளும். அதே பதினொன்றையும் அதே இருபத்திரண்டையும் சுமந்துகொண்டு, ஒரு கீறல் இல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கான படிவத்தை இழுத்து, மாமியாரின் வயதைக் கேட்டு எழுத ஆரம்பித்தார்.

"அத்தை," என்றாள் அவள். தாழ்ந்த குரல்தான். "நாள் தள்ளிப் போயிருக்கு. பதினெட்டு நாளாச்சு. இவர்கிட்டகூட இன்னும் சொல்லல."

மாமியாரின் நீட்டிய கை அப்படியே நின்றது.

அடுத்த நொடி அந்தக் கை மேஜையில் பட்டென்று விழுந்தது. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, அந்த வீட்டில் யாருமே கேட்டிராத குரலில் அவர் சொன்னார்:

"டாக்டரம்மா, அந்தப் பேனாவைக் கீழ வைங்க. என் வயசு எங்கேயும் ஓடிப் போகாது. முதல்ல என் மருமகளைப் பாருங்க!"